மின்சாரமும் கேள்வி கேட்கும் உரிமையும்



திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம், இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்கட்டணம் செலுத்தி வருகிறோம். அக்கட்டணம் எவ்வாறு முடிவாகிறது, அம்மின்சாரம் எங்கே பிறக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

கேரளம் நீர்மின்சாரத்தால் ஒளி பெற்ற மாநிலம். பள்ளிவாசல் நிலையம் 1940-லும், இடுக்கி நிலையம் 1976-லும் இயங்கத் தொடங்கின. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இங்கே ஒன்றும் இல்லை. ஆயினும் இன்று தேவையில் பெரும் பகுதி வெளியிலிருந்தே வாங்கப்படுகிறது. அதில் நிலக்கரி மின்சாரமும் உண்டு. விளக்கு எரிவது சாலைக் கடைத்தெருவில். அதற்கான புகை எழுவதோ வேறொரு மாநிலத்தில். ஆகவே, உலகின் தட்பவெப்பத்தைக் கெடுக்காத வளர்ச்சியை நாடுவோர், புகைபோக்கிகளை மட்டுமன்றி, கொள்முதல் ஒப்பந்தங்களையும் நோக்குதல் வேண்டும்.

மின்துறை செவ்வனே ஆளப்படுகிறதா என்பதை அளந்தறிவது எப்படி? புனேயிலுள்ள பிரயாஸ் அமைப்பும், அமெரிக்காவிலுள்ள உலக வள நிறுவனமும் இணைந்து இதற்கென நான்கு அளவுகோல்களை வகுத்தன. செய்திகள் வெளிப்படையாக உள்ளனவா? மக்கள் கருத்துக்கு இடமுண்டா? முடிவெடுப்போர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா? இவற்றை நிறைவேற்றும் திறன் அமைப்புகளுக்கு உண்டா?

இவற்றின் அருமையைக் கேரள வரலாறே காட்டும். பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டத் திட்டமிட்டபோது, அறிவியலாளரும் ஆசிரியர்களும் எழுப்பிய கேள்விகள் நாடெங்கும் ஒலித்தன. திட்டம் கைவிடப்பட்டது, 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. அன்று அக்கேள்விகளுக்கெனத் தனி மன்றம் இல்லை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின்படி இன்று அது உண்டு. கட்டண விண்ணப்பம் வெளியிடப்பட வேண்டும். மக்களின் ஆட்சேபங்களைக் கருதியபின் 120 நாட்களுக்குள் ஒழுங்குமுறை ஆணையம் முடிவு கூற வேண்டும். புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து இத்தனை விழுக்காடு வாங்குக என விதிப்பதும் ஆணையத்தின் கடமையே.

கேள்வி காலந்தாழ்ந்தால் நேரும் இழப்பும் சிறிதன்று. 2014-இல் 25 ஆண்டுகளுக்கெனச் செய்யப்பட்ட ஒப்பந்தங்களில் 465 மெகாவாட்டுக்கு, டெண்டர் நடைமுறை பிறழ்ந்ததென்று 2023 மே மாதத்தில் ஆணையம் ஒப்புதல் மறுத்தது. இடையில் ஓடியவை எட்டு ஆண்டுகளுக்கு மேல். பின்னர், வெளிச்சந்தையில் கூடுதல் விலைக்கு மின்சாரம் வாங்க நேர்ந்தது. தொடக்கத்திலேயே ஆய்ந்திருப்பின் இவ்விடர் நேர்ந்திராது.

வெள்ளயம்பலத்தில் ஆணையத்தின் அலுவலகம் உள்ளது. நாம் வேற்று மாநிலத்திலிருந்து வந்தவர்கள், நமக்கேன் இது என ஒதுங்குதல் தகாது. மின்கட்டணம் செலுத்துவோரின் தாய்மொழி யாது என்று சட்டம் கேட்பதில்லை. அடுத்த முறை பொது விசாரணை பற்றிய அறிவிப்பு நாளிதழில் வெளிவரும்போது, அதைப் படித்து, இம்மின்சாரம் எங்கிருந்து, என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு வாங்கப்படுகிறது என்று ஒரு கடிதம் எழுதுங்கள்.