இறந்தவர்களில் பாதிப் பேர் தடுப்பூசி போட்டவர்களாமே?

2022 மார்ச். திருநெல்வேலியில் இருந்து அப்பா வீடியோ காலில் வந்தார். மூன்றாவது ஊசி போட்டாச்சா என்று கேட்டேன். "ஏலே, செத்தவங்கள்ல பாதிப் பேரு ரெண்டு ஊசியும் போட்டவங்களாம். வாட்ஸ்அப்ல வந்திருக்கு. பெறகு எதுக்கு?" என்றார். அவருக்கு வயது 68, சர்க்கரை வேறு.

அந்தத் தகவல் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதுதான் சிக்கலே. நான் இருக்கும் சிங்கப்பூரில் 2021 ஆகஸ்ட் கடைசியிலேயே 80 சதவீதம் பேர் இரண்டு ஊசியும் போட்டுவிட்டார்கள். ஏறக்குறைய எல்லாரும் போட்ட ஊரில், நோயில் விழுபவர்களிலும் போட்டவர்கள் நிறையத்தானே இருப்பார்கள்?

அப்பாவுக்கு ஒரு கற்பனைக் கணக்குச் சொன்னேன். ஒரு ஊரில் 1000 பெரியவர்களுக்குத் தொற்று. 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் 10 பேர் இறக்கிறார்கள், போட்டவர்களில் 9 பேர். மொத்தம் 19 சாவு, அதில் கிட்டத்தட்ட பாதி ஊசி போட்டவர்கள். ஆனால் இந்தப் பக்கம் நூற்றுக்குப் பத்து, அந்தப் பக்கம் நூற்றுக்கு ஒன்று. ஆபத்து பத்தில் ஒரு பங்குதான்.

நிஜத்தில் நடந்ததைப் பார்க்க ஹாங்காங் போதும். முதல் இரண்டு ஆண்டுகளில் அங்கே கொரோனாவில் இறந்தவர்கள் 213 பேர்தான். 'நம்ம ஊர்லதான் நோயே இல்லையே' என்ற தைரியம், பக்கவிளைவு பயம். வயதானவர்கள் பலர் ஊசியே போடவில்லை. 2022 தொடக்கத்தில் ஒமைக்ரான் ஊருக்குள் பரவியது. மார்ச் 21-க்குள் சுமார் 5,900 பேர் இறந்தார்கள். அவர்களில் 96 சதவீதம் பேர் 60 வயது தாண்டியவர்கள், அந்த முதியவர்களில் 70 சதவீதம் பேர் ஒரு ஊசிகூடப் போடாதவர்கள். இரண்டு ஊசி போட்ட முதியவர்களோடு ஒப்பிட்டால், போடாதவர்களின் இறப்பு விகிதம் சுமார் 20 மடங்கு. 'லேசான' வைரஸ் என்று பேர் வாங்கிய ஒமைக்ரான்தான் இது!

எல்லாம் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "ஒங்க பெரியப்பா ஒரு ஊசி போட்டாருல்லா? அவரு ஏன் போனாரு?"

2021 மே மாதம் பெரியப்பாவின் கடைசிக் காரியத்தை நான் செல்போனில்தான் பார்த்தேன். விமானம் இல்லை. ஒரு டோஸ் முழுப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லலாம். ஆனால் அவரைச் சதவீதத்துக்குள் அடைக்க எனக்கு வாய் வரவில்லை. "ஹெல்மெட் போட்டவனும் சாவான்ப்பா. அதுக்காக நீங்க கழட்டி வச்சிட்டா வண்டி ஓட்டுறீங்க?" என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை. மறுவாரம் ஊசி போட்ட சான்றிதழை அனுப்பியிருந்தார்.

இப்படி ஒரு ஃபார்வர்டு உங்கள் குடும்பக் குரூப்பில் வந்தால் அனுப்பியவரோடு சண்டை போடாதீர்கள். "எத்தனை பேர்ல?" என்று மட்டும் கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.