மனநோயாளரின் ஈரலையும் கவனிப்போம்

கட்டைபறிச்சான் போன்ற எமது கிராமங்களில் மனநோய்க்குக் குளிசை எடுக்கும் ஒருவர், "களைப்பாயிருக்கு, வயிறு ஊதுது" என்றால், "அது அவருடைய வருத்தம்தான்" என்று விட்டுவிடுகிறோம். இது உயிராபத்தான தவறு.

கடுமையான மனநோயுள்ளோர் மற்றவர்களிலும் 10 முதல் 20 ஆண்டுகள் முந்தி இறக்கின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் காரணம், தடுக்கக்கூடிய உடல்நோய்களே: இருதய நோய், நீரிழிவு, தொற்றுநோய்.

ஈரலும் பாதிக்கப்படும். ஒலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் பசியைக் கூட்டி உடலைப் பருக்கச் செய்யும். அதனால் ஈரலில் கொழுப்புப் படியலாம். சோடியம் வல்புரோயேற்று அரிதாக ஈரலை நேரடியாகவே தாக்கும். கசிப்பும் சேர்ந்தால் சேதம் பெருகும். குடிப்பழக்கம் இல்லாதவருக்கும் கொழுப்பு ஈரல் வரும். 2007இல் ராகமையில் நடந்த ஆய்வில், 35–64 வயதினரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அது காணப்பட்டது.

இதற்குப் பயந்து மருந்தை நாமாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் மனநோய் திரும்பும். கிளினிக்குக்குக் கூடச் செல்பவர் நிறை, இடுப்புச் சுற்றளவு, இரத்தச் சீனி, ஈரல் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். தேநீரில் சீனியைக் குறைப்போம். மாலையில் அவரோடு சேர்ந்து நடப்போம். கண் மஞ்சளித்தாலோ, வயிறு வீங்கினாலோ, இரத்த வாந்தி வந்தாலோ தாமதியாமல் மூதூர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோம்.

மனம் நோயுற்றவருக்கும் உடல் உண்டு. அவர் "நோகுது" என்றால் நம்புவோம்.