ஓய்ந்த பாட்டரிக் கட்டையிலும் வெளிச்சம்!

டார்ச் மங்கினால் கட்டையை எறிந்துவிடுகிறோம். ஆனால் அதில் இன்னும் 1 வோல்ட் அளவுக்கு உயிர் இருக்கும். வெள்ளை எல்.இ.டி.க்கோ சுமார் 3 வோல்ட் வேண்டும். வழி?

1999-ல் பிரிட்டிஷ் எலெக்ட்ரானிக்ஸ் இதழ் ஒன்றில் வந்த சர்க்யூட் வழிகாட்டியது. பெரைட் வளையத்தில் இரட்டைக் கம்பிச் சுற்று, ஒரு டிரான்சிஸ்டர், 1,000 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவே!

டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கிறது. துண்டிக்கும்போது சுருளில் தேங்கிய சக்தி அதிக வோல்ட்டாக எழும்பி எல்.இ.டி.யை எரிக்கிறது.

ஒரு சுற்றின் தலையை மற்றதன் வாலுடன் சேர்த்து பாசிடிவில் இணைக்கவேண்டும். மாறினால் எரியாது. கசிந்த கட்டை ஆகாது.

வெளிச்சம் சிறிதுதான். ஆனால் மின்வெட்டு இரவில், அறையில் தூங்குபவர்களை மிதிக்காமல் கதவை அடையப் போதும்.