என்ஜினை இறக்கலாம், காரைச் சாலையில் இறக்க முடியாது!

புதுதில்லி:

தலைநகர் தில்லியில் பழைய அம்பாசிடர் கார் வைத்திருக்கும் ஒருவர், தமது வீட்டு முற்றத்தில் அதன் என்ஜினை இறக்கலாம். பிரித்துச் சீர்செய்து மீண்டும் ஏற்றலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால், வேலை ஒழுங்காக முடிந்ததா என்று அறிய, அந்தக் காரைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தால் அது குற்றம். வாகனம் பறிமுதலாகிக் காயலான் கடைக்குப் போகவும் கூடும்.

இந்த முரண்பாடு ஒரே நாளில் உருவானதல்ல. 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் தில்லிச் சாலைகளில் ஓடக் கூடாது என்று 2014 நவம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. டீசல் வாகனங்களுக்கு இந்த வரம்பு 10 ஆண்டுகள் என்று 2015 ஏப்ரலில் சுருக்கப்பட்டது. இதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

2025 ஜூலை 1 முதல் இத்தகைய வாகனங்களுக்குப் பெட்ரோல், டீசல் வழங்கக் கூடாது என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. பெட்ரோல் நிலையங்களில் கேமராக்கள் பொருத்தப்பட்டன. பொதுமக்களின் எதிர்ப்பைக் கண்டு மூன்றாம் நாளே தில்லி அரசு பின்வாங்கியது. வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்கள் மீது நடவடிக்கை கூடாது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு இடைக்கால நிவாரணம் அளித்தது. டிசம்பரில் தலைமை நீதிபதி சூர்ய காந்த் தலைமையிலான அமர்வு அந்த நிவாரணத்தைச் சுருக்கியது. பி.எஸ்.-4 தரமும் அதற்கு மேற்பட்ட தரமும் கொண்ட வாகனங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு. அதற்கு முந்தையவற்றின் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்றானது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என நாடு நினைவில் வைத்திருக்கும் கார்களில் ஏறத்தாழ அனைத்துமே இந்த "முந்தையவை" பட்டியலில்தான் அடங்குகின்றன.

முற்றத்தில் நடப்பது என்ன?

மேற்கு வங்க மாநிலம் உத்தர்பாராவில் 1950-களின் இறுதி முதல் 2014 மே வரை தயாரான அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மறுவடிவம். பல பத்தாண்டுகள் அதன் இதயமாக இருந்தது 1489 சி.சி. திறனுள்ள, நான்கு சிலிண்டர் கொண்ட பி.எம்.சி. பெட்ரோல் என்ஜின். கணினி ஏதும் இல்லாத இந்த என்ஜினைச் சாதாரண ஸ்பேனர்களைக் கொண்டே கழற்ற முடியும். வீட்டிலேயே இந்த வேலையை மேற்கொள்ளும் துணிவு பலருக்கு வருவதற்கு இதுவே காரணம்.

முதலில் பேட்டரி இணைப்பு துண்டிக்கப்படுகிறது. பானெட் கழற்றப்படுகிறது. ரேடியேட்டர் நீரும் என்ஜின் ஆயிலும் வடிக்கப்பட்டு, ரேடியேட்டர் வெளியே எடுக்கப்படுகிறது. கார்புரேட்டர், ஆக்ஸிலரேட்டர் இணைப்பு, பெட்ரோல் குழாய், புகைபோக்கிக் குழாய், ஸ்டார்ட்டர் கம்பிகள் ஆகியவை ஒவ்வொன்றாக விடுபடுகின்றன. ஒவ்வொரு கம்பியிலும் அடையாளச் சீட்டு ஒட்டுவது அனுபவசாலிகளின் வழக்கம். கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்த பின்னரே அதையும் என்ஜினையும் இணைக்கும் போல்ட்டுகள் தளர்த்தப்படுகின்றன.

அடுத்ததுதான் ஆபத்தான கட்டம். ஏறத்தாழ 150 கிலோ எடையுள்ள இரும்பை, இரும்புக் குழாய்களால் அமைத்த முக்காலியில் தொங்கும் செயின் பிளாக் மூலம் அங்குலம் அங்குலமாகத் தூக்க வேண்டும். தொங்கும் என்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. மரக்கிளையில் சங்கிலி கட்டித் தூக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

இறக்குவதை விட ஏற்றுவதே கடினம். கிளட்ச் பிளேட் மையத்தில் அமையாவிட்டால் கியர் பாக்ஸின் தண்டு உள்ளே நுழையாது. போல்ட்டை முறுக்கி அதை வலுக்கட்டாயமாக இழுத்தால் கிளட்ச் பிளேட் சேதமடையும். சிலிண்டர் ஹெட்டின் நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வரிசை தவறாமல் முறுக்க வேண்டும். வால்வுகளுக்கு விட வேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தின் 1000-ல் 15 பங்கு. தீப்பொறி செல்லும் வரிசை 1-3-4-2. இவற்றில் ஒன்று பிசகினாலும் மாதக்கணக்கான உழைப்பு வீண். இவ்வளவும் சரியாக அமைந்ததா என்பதை முழுமையாகக் காட்டுவது சாலை ஓட்டம் ஒன்றுதான். தில்லிவாசிக்கு மறுக்கப்படுவதும் அதுதான்.

எண்ணே அடையாளம்

இயந்திர நுட்பத்தை விடச் சிக்கலானது சட்டம். என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுச் சான்றிதழில் இடம்பெற்றுள்ளன. அதே என்ஜினைச் சீர்செய்து பொருத்தினால் பிரச்னை இல்லை. வேறொரு என்ஜினைப் பொருத்தினால், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி பதிவு அதிகாரியிடம் செல்ல வேண்டும். மாற்றம் செய்த 14 நாள்களுக்குள் தெரிவித்துச் சான்றிதழில் திருத்தம் பெற வேண்டும். தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது.

தேய்ந்த என்ஜினுக்குப் பதிலாகக் காயலான் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் என்ஜினை வாங்குவதில் இன்னோர் அபாயமும் உண்டு. திருட்டு வாகனங்களைப் பிரித்து விற்பதற்குப் பெயர் பெற்றிருந்த உத்தரப் பிரதேசத்தின் மீரட் சோத்திகஞ்ச் சந்தை, காவல் துறை நடவடிக்கையால் 2021 டிசம்பரில் முடங்கியது. ரசீது இல்லாத என்ஜினை வாங்குபவர், அதோடு ஒரு திருட்டு வழக்கையும் வாங்கியவராகலாம்.

இடையில் 35 ஆண்டுகள்

பழைய கார்களின் மீது மத்திய அரசுக்கு அக்கறையே இல்லை என்று கூறிவிட முடியாது. 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் "பழமை வாகனங்கள்" என அங்கீகரிக்கும் விதிகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் அறிவித்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் சாலைக்குக் கொண்டு வரலாம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகளிலிருந்தும் இவற்றுக்கு விலக்கு உண்டு.

ஆனால், நிபந்தனை ஒன்று இருக்கிறது. வாகனம் அதன் மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது.

கணக்கு எளிது. 1985-ல் தில்லியில் பதிவான பெட்ரோல் அம்பாசிடருக்கு 2000-த்தில் 15 வயது நிறைந்துவிட்டது. பழமை வாகனம் என்ற தகுதி அதற்கு 2035-ல்தான் வரும். இடைப்பட்ட 35 ஆண்டுகளில் எதிர்காலத்திற்காக அதைக் காப்பாற்ற நினைப்பவருக்குத் தலைநகரில் சட்டம் தரும் இடம் எது?

சொந்த வீட்டு முற்றம் மட்டுமே. ஆயுள் முடிந்த வாகனங்களைப் பொது இடத்தில் நிறுத்துவதும் தடை செய்யப்பட்டுள்ளது. தில்லி உயர் நீதிமன்றத்தின் 2023-ஆம் ஆண்டு உத்தரவைத் தொடர்ந்து தில்லி அரசு 2024-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இத்தகைய வாகனங்களைத் தனியார் இடத்தில் வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. ஆயினும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுவான நிறுத்துமிடம் "தனியார் இடம்" ஆகாது. பங்களாவும் முற்றமும் உள்ளவரின் கார் பிழைக்கும். இரண்டு அறை வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற எழுத்தரின் கார் காயலான் கடைக்குப் போகும். இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே ஆலையில் பிறந்தவையாக இருந்தாலும் முடிவு இதுதான்.

மின்சார மோட்டாருக்கு மாற்றிக்கொள்ளும் வழி இருக்கிறதே என்று கேட்கலாம். 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களை அவ்வாறு மாற்ற 2021-ல் தில்லி அரசு வழி திறந்தது. ஆனால், அங்கீகாரம் பெற்ற கருவியை அங்கீகாரம் பெற்ற நிறுவனமே பொருத்த வேண்டும். வீட்டு முற்ற வேலைக்கு அதில் இடமில்லை. மேலும், மூல என்ஜினை இழந்த கார், பிற்காலத்தில் பழமை வாகனத் தகுதியைக் கோருவதும் கடினம்.

காற்றின் நியாயம்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் தில்லி மூச்சுத் திணறுகிறது. நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995-ல்தான். அதற்கு முந்தைய கார்புரேட்டர் என்ஜின் எவ்வளவு நேர்த்தியாகச் சீர்செய்யப்பட்டாலும் இன்றைய காரைப் போலத் தூய்மையாகப் புகை விடாது. அவற்றை அன்றாடப் பயணத்துக்கு அனுமதிக்குமாறு கோருவது குழந்தைகளின் நுரையீரலுக்குச் செய்யும் அநீதி.

ஆனால், பழைய காரைப் பேணுவோர் அன்றாடப் பயணத்தைக் கேட்கவில்லை. 50 வயதுக் காருக்கு எந்த நிபந்தனைகளுடன் சாலை அனுமதிக்கப்படுகிறதோ, அதே நிபந்தனைகளுடன் 30 வயதுக் காரையும் அனுமதித்தால் காற்று கூடுதலாகக் கெட்டுவிடுமா? ஆண்டுக்குச் சில நாள்கள், முன்அனுமதியுடன், புகைச் சோதனைச் சான்றுடன் என்று இடைநிலைப் பிரிவு ஒன்றை உருவாக்குவது மத்திய அரசுக்குக் கடினமல்ல. அது உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கும் முன்வைக்கப்பட வேண்டும்.

ஒரு காலத்தில் நாடாளுமன்ற வளாகத்தில் வரிசைகட்டி நின்றவை வெள்ளை அம்பாசிடர்களே. அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவர்களும் அவற்றில்தான் வந்திறங்கினர். 2001 டிசம்பர் 13-ல் நாடாளுமன்றத்தைத் தாக்க வந்த பயங்கரவாதிகளும், சந்தேகம் எழாமல் இருக்க வெள்ளை அம்பாசிடரையே தேர்ந்தெடுத்தனர். அரசின் முகமாகவே விளங்கிய அந்தக் காரில் 2035-ல் தில்லியில் எத்தனை மிஞ்சும் என்பதை, முற்றத்தில் ஸ்பேனருடன் குனிந்து நிற்பவரின் திறமை மட்டும் தீர்மானித்துவிடாது. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியில் சேர்க்கக்கூடிய சில வரிகளும்தான் தீர்மானிக்கும்.