கோபுரத்துக்கு என்ன நிறம்?

மதுரை கீழச்சித்திரை வீதியில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்த சென்னை நண்பர் முகம் சுளித்தார். "கோயிலா, மிட்டாய்க் கடையா? நல்ல கல்லுக்கு இப்படியா பெயிண்ட் அடிப்பாங்க?"

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. "வெளுத்துக் கெடந்தப்ப பாத்திருக்கணும் தம்பி, பாவமா இருந்துச்சு. இப்பத்தான் கல்யாணக் களை வந்திருக்கு."

நண்பர் சொன்னதில் ஒரு பிழை. அது கல்லே அல்ல. அடிப்பகுதி மட்டும்தான் கருங்கல். மேலே எல்லாம் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, சுதைச் சிற்பங்கள். சுதை மழையில் அரிக்கும், வெயிலில் வெடிக்கும். 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று வரும்போது பழுது பார்த்து வண்ணம் பூசுவது அலங்காரத்துக்கு மட்டுமல்ல, காப்புக்கும்தான். டப்பா பெயிண்ட் வந்தபிறகு சில நிறங்கள் கண்ணைக் குத்துவது உண்மை. அந்த ரோஸ் நிறத்தை நானும் மன்னிக்கவில்லை.

ஆனால் வெறுங்கல்தான் அழகு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? உடனே தஞ்சைப் பெரிய கோயிலைக் காட்டுவார்கள். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த அந்தக் கருங்கல் விமானத்துக்குள்ளேதான், கருவறையைச் சுற்றிய குறுகிய நடையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் ஒளிந்திருந்தன. 1931-இல் ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்துச் சொல்லும்வரை உலகுக்குத் தெரியாது.

கிரேக்கச் சிற்பங்களும் வண்ணம் பூசி நிறுத்தப்பட்டவைதான். காலம் அதை உதிர்த்துவிட, மிஞ்சிய வெண்மையையே ஐரோப்பிய ரசிகர்கள் கொண்டாடினார்கள். அந்த ரசனை முற்றிப்போய், பார்த்தினான் என்ற கிரேக்கக் கோயிலின் சிற்பங்களை 1937-38-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் செம்புக் கருவிகளால் சுரண்டியே வெளுக்க வைத்தார்கள். புதிய காட்சிக்கூடத்துக்குப் பணம் கொடுத்த ட்யூவீன் பிரபுவுக்கு அவை வெள்ளையாக இருக்க வேண்டுமாம்!

இதையெல்லாம் சொன்னேன். நண்பர் மசியவில்லை. தன் வீட்டு வரவேற்பறையின் படத்தைப் போனில் எடுத்து நீட்டினார். பூச்சே இல்லாத சிமென்ட் நிறச் சுவர். அப்படித் தெரியவைக்கத் தனியாகச் செலவு செய்திருக்கிறார். பூக்காரம்மாவும் எட்டிப் பார்த்தார்.

"வீட்டு வேலை இன்னும் முடியலையா தம்பி?" என்றார் அக்கறையாக.