உங்களுக்குத் தெரியுமா? கரைசலில் பிறக்கும் துகள்கள்

தங்கம் சிவப்பாகவும் இருக்கும்! 1857-இல் மைக்கேல் ஃபாரடே, தங்க உப்புக் கரைசலைப் பாஸ்பரஸுடன் வினைபுரிய வைத்தார். கிடைத்தது மாணிக்கச் சிவப்பில் ஒரு நீர்மம். கண்ணுக்குச் சிக்காத தங்கத் துகள்கள்தான் உள்ளே மிதக்கின்றன என்று சரியாகவே ஊகித்தார். அவர் தயாரித்த குப்பிகள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றன. இந்த நீர்மத்தில் கொஞ்சம் சமையல் உப்பைப் போட்டால் போச்சு: துகள்களை விலக்கி வைத்திருந்த மின்னூட்டத்தின் பிடி தளரும், அவை ஒட்டிக்கொள்ளும், சிவப்பு நீலமாகிவிடும்.

கர்ப்பப் பரிசோதனைக் கிட்டுகள் பலவற்றில் விழும் அந்தச் சிவப்புக் கோடும் தங்கத் துகள்தான். விலை பார்த்துப் பயப்பட வேண்டாம், இருப்பது இம்மியளவு.

1951-இல் வேதியியலாளர் டர்கெவிச்சின் குழுவினர், கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட்டைச் சேர்த்து, சுமார் 20 நானோமீட்டர் துகள்களை உருவாக்கினர். சிட்ரேட்டைக் கூட்டினால் துகள் சிறுக்கும். இருக்கும் தங்கம் அதேதான், அதைப் பங்குபோடும் துகள்கள்தான் கூடுகின்றன. பந்தியில் ஆள் கூடினால் இலைக்கு விழும் பாயசம் குறையுமே, அந்தக் கணக்கு.

பள்ளி ஆய்வகத்தில் தயோசல்பேட் கரைசலில் அமிலம் ஊற்றியிருப்பீர்கள். ஊற்றிய கையோடு அது கலங்காது. சில நொடிகள் தெளிவாகவே நிற்கும். பிறகு அடியில் வைத்த தாளிலுள்ள பெருக்கல் குறி மெல்ல மறையும். வினையில் விடுபடும் கந்தகம் கரைசலில் சேர்ந்துகொண்டே போய், ஓர் எல்லையைத் தாண்டியதும் துகள்களின் தொடக்கமான கருக்கள் மொத்தமாகப் பிறக்கின்றன. உடனே செறிவு இறங்கிவிடுவதால் புதுப் பிறப்பு நின்றுபோகிறது. அதன்பின் வரும் கந்தகமெல்லாம் விரவி வந்து, பிறந்தவற்றின் மேலேயே படிகிறது. துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில் அமைவதன் சூட்சுமம் இது. லாமர், டினேகர் என்ற வேதியியலாளர்கள் இருவரும் 1950-இல் இதை விளக்கினார்கள்.

பனங்கற்கண்டுக்குப் பாகில் நூல் கட்டி, அசைக்காமல் வாரக்கணக்கில் விடுவார்கள். கிளறினால் ஆயிரமாயிரம் கருக்கள் பிறந்து பொடிப்பொடியாகிவிடும்.

பொறுமையில் மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தை மிஞ்ச முடியாது. 2000-இல் கண்டறியப்பட்ட குகையில் ஜிப்சம் படிகங்கள் 11 மீட்டர் வரை நீளம்! சுமார் 58 டிகிரி வெந்நீரில், படியலாமா கரையலாமா என்ற நிலையிலேயே பல லட்சம் ஆண்டுகள் வளர்ந்தவை.

ஐஸ்கிரீம் நறநறக்கிறதா? ஃப்ரீசரில் வெப்பநிலை ஏறி இறங்கும்போது சிறு பனிப் படிகங்கள் உருகி, அந்த நீர் பெரியவற்றின் மேல் உறைகிறது. குவார் கம் என்ற கெட்டிப்படுத்தியைச் சேர்ப்பது இந்த வேகத்தைக் குறைக்கத்தான். அடிக்கடி மின்சாரம் போகும் தெருக் கடையில் கம்மால் மட்டும் என்ன செய்ய முடியும்!