துணை இருந்தால் எழலாம்

எம்.ஜி.ஆரை அறியாத தமிழர் இல்லை. 1984 அக்டோபரில் அவர் படுத்த படுக்கையானார். முதலில் சிறுநீரகம் கெட்டது. பிறகு பக்கவாதம் வந்தது. சென்னையில் மருத்துவம் பார்த்தார்கள். பிறகு அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகருக்குக் கொண்டு போனார்கள். மனைவி ஜானகி உடன் இருந்தார். 1985 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஊர் திரும்பினார். மீண்டும் முதலமைச்சர் ஆனார். பேச்சு பழையபடி தெளிவாகவில்லை. ஆனாலும் 1987 டிசம்பரில் இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவருக்குப் பெரிய மருத்துவமனை கிடைத்தது. ஏழை என்ன செய்வது என்று கேட்கலாம். மருத்துவமனையில் இருப்பது சில நாள்தான். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அது வீட்டில்தான் நடக்கிறது. அதற்குப் பொறுமையான துணை வேண்டும்.

பக்கவாதம் ஏன் வருகிறது?

மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய் அடைத்துக்கொள்ளும். அல்லது வெடித்துவிடும். அப்போது மூளையில் ஒரு பகுதி இரத்தம் இல்லாமல் கெடும். மூளையின் இடது பக்கம் வலது கை காலை இயக்குகிறது. வலது பக்கம் இடது கை காலை இயக்குகிறது. அதனால்தான் உடம்பில் ஒரு பக்கம் விழுந்துவிடுகிறது. இது செய்வினை அல்ல. காற்றுக் கருப்பும் அல்ல. இரத்தக் கொதிப்பு முக்கியக் காரணம். சர்க்கரை நோய், பீடி, புகையிலை, குடி ஆகியவையும் காரணங்கள்.

உடனே செய்ய வேண்டியது என்ன?

திடீரென்று வாய் கோணுகிறதா? ஒரு கையைத் தூக்க முடியவில்லையா? பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடைப்பைக் கரைக்க ஊசி உண்டு. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

ஹட்பே, காம்ப்பெல்பே போன்ற இடங்களில் கடல் குறுக்கே இருக்கிறது. ஆகவே ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. விடியட்டும் என்று இருக்கக் கூடாது. புறா இரத்தம் தேய்த்துப் பார்க்கக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேவை என்றால் அங்கிருந்து ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். 2024 வரை போர்ட் பிளேயர் என்று அழைக்கப்பட்ட ஊர்தான் அது. அவசரத்துக்கு ஹெலிகாப்டரில் அனுப்புவதும் உண்டு.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

படுத்தே இருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லை என்றால் படுக்கைப் புண் வரும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. தோள்மூட்டு நழுவிவிடும். அந்தக் கைக்கு அடியில் தலையணை வைக்கலாம். நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் சோறு கொடுக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். புரை ஏறினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் செய்து கொடுப்பதா உதவி?

"பாவம், அவரால் முடியாது" என்று மனைவி தினமும் ஊட்டிவிடுகிறார். அன்புதான் காரணம். ஆனால் கைக்கு வேலை கொடுக்காவிட்டால் கை கற்காது. கெட்ட பகுதியின் வேலையை மூளையின் வேறு பகுதிகள் மெல்லக் கற்றுக்கொள்ளும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது நடக்கும். மருத்துவமனையில் சொல்லித் தந்த பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். சோறு சிந்தட்டும். பித்தான் போட அரை மணி ஆகட்டும். பக்கத்தில் இருந்தால் போதும்.

பேச்சு வராதவருக்கு அறிவு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. பலருக்கு நாம் பேசுவது புரியும். சொல்தான் வராது. சின்னக் கேள்வியாகக் கேட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் முன்னால் "இனி இவர் எதற்கும் ஆகமாட்டார்" என்று யாரும் பேசக் கூடாது. அவர் காரணம் இல்லாமல் அழலாம், கோபப்படலாம். அதுவும் நோயின் வேலைதான்.

மனைவிக்கு இந்த நோய் வந்தால் கணவர் இதையெல்லாம் செய்ய வேண்டும். சமைப்பதும் குளிப்பாட்டுவதும் ஆணுக்குக் குறைவு அல்ல. பார்த்துக்கொள்பவருக்கும் தூக்கம் வேண்டும். பிள்ளைகளும் உறவினரும் முறை வைத்து மாற்றிவிட வேண்டும்.

பக்கவாதம் மறுபடியும் வரலாம். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. உப்பையும் கருவாட்டையும் குறைக்க வேண்டும். ஒரு நோட்டு வாங்கி, மாத்திரையின் பெயர், கொடுக்கும் வேளை, இரத்தக் கொதிப்பின் அளவு ஆகியவற்றை எழுதி வைக்கலாம். "இன்று நான்கு அடி நடந்தார்" என்பதையும் அதில் எழுதலாம். மனம் தளரும் நாளில் இருவரும் சேர்ந்து அதைப் படிக்கலாம்.